ஆடி மாதத்தில் பட்டறைக்கு வந்த ஜெட் ஸ்கி

கோயம்புத்தூர் கணபதியில் உள்ள எங்கள் பட்டறைக்குத் தண்ணீர் மோட்டார்களும், விசைத்தறி உதிரிப் பாகங்களும், எப்போதாவது ஒரு டிராக்டர் எஞ்சினும் வருவதுண்டு. கடலில் ஓடும் வண்டி ஒன்று வந்து நின்றது இதுதான் முதல் முறை. என் மனைவியின் தம்பி கொச்சிக்குப் பக்கத்தில் ஒரு கடற்கரை விடுதியில் பங்குதாரராக இருக்கிறான். தென்மேற்குப் பருவமழை தொடங்கிவிட்டால் அங்கே நீர் விளையாட்டுகளை நிறுத்திவிடுவார்கள். அந்த இடைவெளியில் பழுது பார்த்துக்கொள்ளலாம் என்று, தன்னுடைய பழைய இரண்டு ஸ்ட்ரோக் ஜெட் ஸ்கியை டிரெய்லரில் ஏற்றி, வாளையாறு வழியாக, பாலக்காட்டுக் கணவாயில் வீசும் ஆடிக் காற்றோடு காற்றாக ஒரு விடியற்காலையில் கொண்டுவந்து இறக்கினான். ஜெட் ஸ்கி என்பது உண்மையில் கவாசாகி நிறுவனம் 1970களில் தன் வண்டிக்கு வைத்த பெயர். மண் அள்ளும் இயந்திரம் எதுவானாலும் நாம் ஜேசிபி என்று சொல்வதைப் போல, அந்த வகை வண்டி எல்லாவற்றுக்கும் அதுவே பெயராகிவிட்டது. இந்த வண்டி யாருடைய தயாரிப்பு என்பதை நான் எழுதப்போவதில்லை. பழுதில் தயாரித்தவர்களுக்குப் பங்கு இல்லை.

"ஏனுங் மாமா, தண்ணியில விட்டா அஞ்சு நிமிசம் நல்லாத்தான் ஓடுது. அப்புறம் மூச்சு வாங்குது. சீட்டைக் கழட்டி வெச்சுட்டு ஓட்டிப் பார்த்தா ஒண்ணும் பண்றதில்லீங்க" என்றான். அங்கிருந்த மெக்கானிக் ஸ்பார்க் பிளக்கை மாற்றி, கார்புரேட்டரை இரண்டு முறை கழற்றிச் சுத்தம் செய்து, பெட்ரோல் குழாய்களையும் புதிதாகப் போட்டிருந்தார். எனக்கு அந்தக் கடைசி வாக்கியமே போதுமானதாக இருந்தது. இந்த வண்டியில் எஞ்சின் இருக்கும் அறையை மேலிருந்து மூடுவதே இருக்கைதான். உள்ளே தண்ணீர் புகக்கூடாது என்பதற்காக, காற்று வருவதற்கு இரண்டு மூன்று சிறிய வழிகளை மட்டுமே விட்டிருப்பார்கள். அந்த மூடிய அறைக்குள் புகை கசிந்தால், எஞ்சின் சற்று நேரத்தில் தான் விட்ட புகையைத் தானே இழுக்கத் தொடங்கும். எரிவதற்கு ஆக்சிஜன் போதாமல் திணறும். இருக்கையைக் கழற்றினால் புகை வெளியேறிவிடுகிறது, எஞ்சினும் தெளிந்துவிடுகிறது. வேகம் குறைவதைவிட எனக்குக் கவலை தந்தது அந்தப் புகையில் இருக்கும் கார்பன் மோனாக்சைடு. அதன் மேலேதான் ஆள் உட்கார்ந்து ஓட்டுகிறார்.

புகை வெளியேறும் பாதையைச் சற்று விளக்கினால்தான் பின்னால் சொல்வது புரியும். மோட்டார் சைக்கிளில் சைலன்சர் காற்றில் குளிர்கிறது. மூடிய ஓடத்துக்குள் அது நடக்காது. ஆகவே வண்டியைத் தள்ளும் ஜெட் பம்பிலிருந்தே, அதாவது இம்பெல்லர் என்னும் இறக்கைச் சக்கரம் பின்பக்கமாகப் பீய்ச்சும் தண்ணீரிலிருந்தே, ஒரு சிறிய பங்கைக் குழாய் வழியாக எடுத்து எஞ்சினைச் சுற்றி அனுப்புகிறார்கள். சிலிண்டரோடு பொருந்தி அதன் புகையை வாங்கி அனுப்பும் மேனிஃபோல்டு இரட்டைச் சுவர் கொண்ட அலுமினிய வார்ப்பு. உள்சுவருக்குள் புகை, இரு சுவர்களுக்கும் நடுவே தண்ணீர். அதைக் கடந்தபின் அந்தத் தண்ணீரில் ஒரு பகுதியைப் புகையிலேயே கலந்துவிடுவதால், அதற்கப்பால் ரப்பர் குழாய்களே வெப்பத்தைத் தாங்கிக்கொள்கின்றன. வீட்டுக் கிணற்றுக்கு மோனோபிளாக் பம்பு செய்து பழகிய கோயம்புத்தூர்க்காரனுக்கு இதில் புரியாதது ஒன்றும் இல்லை. ஆனால் கிணற்றுத் தண்ணீருக்கும் கடல் தண்ணீருக்கும் உள்ள வேறுபாட்டை நான் அந்த வாரத்தில்தான் கையால் தொட்டு அறிந்தேன்.

இருக்கையைக் கழற்றிவிட்டு ஓடத்தின் அடித்தளத்தை ஒரு வெள்ளைத் துணியால் துடைத்தேன். துணி முழுக்கக் கருப்பாக, எண்ணெய்ப் பிசுக்கோடு வந்தது. மேனிஃபோல்டின் பின்பக்கக் கீழ் மூலையில் கரி கோடாக வழிந்திருந்தது. கண்ணால் கண்டதோடு நிறுத்தாமல், புகை வெளியேறும் வாயை ரப்பர் அடைப்பால் மூடி, ஒரு பிளக் துளை வழியாக சைக்கிள் பம்பால் மெல்லக் காற்றடித்து, சோப்பு நுரையைத் தடவினோம். பஞ்சர் கடையில் டியூபைத் தண்ணீரில் முக்கிப் பார்க்கும் அதே வேலைதான். அந்த மூலையில் மட்டும் நுரை பொங்கி வந்தது.

மேனிஃபோல்டுக்கும் சிலிண்டருக்கும் நடுவே கசிவைத் தடுக்கும் கேஸ்கெட்டை மாற்றினால் முடிந்துவிடும், மதியச் சாப்பாட்டுக்கு முன் வேலை தீரும் என்று அப்போது நான் வாய்விட்டுச் சொன்னதை என் மச்சான் இன்றுவரை மறக்கவில்லை.

மேனிஃபோல்டைப் பிடித்திருந்தவை எட்டு போல்ட்டுகள். ஊடுருவும் எண்ணெயை முதல் நாளே அடித்து ஊறவிட்டுத்தான் ஸ்பானரை வைத்தேன். ஏழு போல்ட்டுகள் முனகிக்கொண்டே வந்தன. அவற்றின் மரைகளில் வெள்ளையாக உப்புப் பூத்ததைப் போல ஒரு பொடி ஒட்டியிருந்தது. அது அலுமினியத்தின் துரு. கடல் நீர் பட்ட இடத்தில் அலுமினியமும் எஃகும் சேர்ந்திருந்தால் பேட்டரியைப் போல மின்னோட்டம் உண்டாகி, அலுமினியம் அரித்துப்போகும். அந்த அரிமானம் பருத்து, மரையின் இடுக்கை அடைத்து, போல்ட்டை இறுக்கிப் பிடித்துக்கொள்ளும். கசிந்த மூலையில் இருந்த எட்டாவது போல்ட்டோ எந்த முனகலும் இல்லாமல், கையில் பாரமே தெரியாமல் சுற்றி, தலையோடு கழன்று வந்தது. மீதிப் பாதி சிலிண்டரின் மரைத் துளைக்குள்ளேயே நின்றுவிட்டது.

என் கைப்பிசகு என்றுதான் முதலில் நினைத்தேன். உடைந்த முகத்தை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தபோது கதை வேறாக இருந்தது. வட்டத்தில் முக்கால் பங்கு கறுத்துத் துருவேறி, கடற்கரை மணலில் அலை விட்டுச்சென்ற கோடுகளைப் போல அடுக்கடுக்காக வரி விட்டிருந்தது. ஓர் ஓரத்தில் மட்டும் பிறை வடிவில் புதிய உலோகம் மின்னியது. அதிர்வினால் நாள்பட விரிசல் விட்ட உலோகத்தின் முகம் இப்படித்தான் இருக்கும். அந்த போல்ட் எத்தனையோ மாதங்களாகக் கால் பங்கு உயிரோடு நின்றிருக்கிறது. நான் செய்தது மிச்சத்தை முடித்துவைத்ததுதான். போல்ட்டின் தலையில் 8.8 என்று, சாதாரண எஃகு போல்ட்டுக்கான வலிமைக் குறியைப் பொறித்திருந்தது. மற்ற ஏழும் துருப்பிடிக்காத எஃகு. காந்தத்தை வைத்தால் ஒட்டவில்லை. இது மட்டும் ஒட்டியது. எப்போதோ யாரோ கைக்குக் கிடைத்த சாதாரண போல்ட்டைப் போட்டிருக்கிறார்கள்.

ஆக, போல்ட் பிடி தளர்ந்ததால் கேஸ்கெட் கசிந்தது என்றாயிற்று. அப்படியானால் அந்த மூலையில் மட்டும் இத்தனை அதிர்வு எங்கிருந்து வந்தது? விடையைத் தேடுவதற்கு முன்னால் உடைந்த துண்டை எடுத்தாக வேண்டியிருந்தது.

துண்டை எடுக்க வெல்டிங் தேவைப்படலாம் என்பதால், எஞ்சினை ஓடத்திலிருந்து வெளியே இறக்க முடிவு செய்தேன். அதற்கு அரை நாள் பிடித்தது. என் மச்சானுக்கு அது வீண் வேலையாகப் பட்டது. பெட்ரோல் ஆவி காற்றைவிடக் கனமானது. ஓடத்தின் அடியில் கிணற்றுத் தண்ணீரைப் போலத் தேங்கி நிற்கும். அதன் மேல் நெருப்பை வைப்பவனுக்கு நான் வேலை சொல்லித்தர மாட்டேன். எஞ்சின் தாங்கிகளுக்கு அடியில் மெல்லிய தகடுகள் இருந்தன. எஞ்சினின் அச்சும் பம்பின் அச்சும் ஒரே கோட்டில் நிற்பது அவற்றால்தான். ஆகவே எது எந்த மூலையில் இருந்தது என்று எண் எழுதிக் கட்டிவைத்தோம். பிறகு செயின் பிளாக்கில் எஞ்சினைத் தூக்கி மேசைக்குக் கொண்டுவந்தோம்.

உடைந்த போல்ட்டை எடுக்க எல்லோரும் முதலில் சொல்வது ஈசி அவுட். துண்டின் நடுவில் துளையிட்டு, இடப்பக்க மரை கொண்ட அந்தக் கூம்பைச் செருகித் திருகினால் துண்டு வந்துவிடும் என்பது அதன் கணக்கு. தளர்வாக இருக்கும் துண்டுக்கு அது சரி. ஸ்பானருக்கே மசியாத அளவுக்கு இறுகிய துண்டை, அதைவிட மெலிந்த ஒரு கருவி திருப்பிவிடும் என்று நம்புவதில் எனக்கு நியாயம் தெரியவில்லை. பல ஆண்டுகளுக்கு முன் ஒரு பம்பு உறையில் அதை உள்ளேயே உடைத்துவிட்டுப் பட்டவன் நான். கடினமாக்கிய எஃகு என்பதால் அதன் மேல் எந்த ட்ரில்லும் ஏறாது. கடைசியில் ஸ்பார்க் எரோஷன் இயந்திரத்தில் கொடுத்து மின்பொறியால் அரித்தெடுக்க வேண்டி வந்தது. அச்சுகள் செய்யும் ஊர் இது என்பதால் தெருவுக்கு ஒன்று அப்படி இருக்கிறது என்பது வேறு விஷயம்.

ஆகவே நட்டை வைத்து வெல்டிங் செய்வது என்று தீர்மானித்தோம். துண்டின் மேல் ஒரு வாஷர், அதன் மேல் ஒரு நட். நட்டின் துளை வழியாகத் துண்டோடு சேர்த்துப் பற்றவைப்பது. எஃகின் பற்று அலுமினியத்தில் பிடிக்காது என்பது இதில் உள்ள வசதி. பக்கத்துப் பட்டறையில் சி.ஓ.டூ. வெல்டிங், அதாவது கரியமில வாயுவைப் பீய்ச்சியபடி பற்றவைக்கும் வேலை செய்யும் அண்ணன் வந்தார். ஆடிக் காற்று அவருடைய வாயுவை அடித்துக்கொண்டு போனதால், இரண்டு தகரங்களை மறைப்பாகக் கட்டினோம். முதல் நட் தொட்டவுடன் பிய்ந்து வந்தது. இரண்டாவது நட் சிறிது நேரம் தாங்கிப் பிய்ந்தது. "அவசரப்படாதீங்க, சூடு உள்ள எறங்கோணும்" என்று சொல்லி, மூன்றாவது நட்டை வைத்தவர், பற்றவைத்தபின் செந்நிறம் தணியும்வரை எங்களைத் தொடவிடவில்லை. வெல்டிங்கின் பயன் பிடிமானம் மட்டுமன்று. சூட்டில் பருத்துக் குளிரில் சுருங்கும்போது துருவின் பிடி உள்ளேயே நொறுங்குகிறது. ஸ்பானரை வைத்து, கழற்றும் திசைக்கு ஒரு நூல், இறுக்கும் திசைக்கு ஒரு நூல் என்று மாற்றி மாற்றி அசைத்தோம். ஏழெட்டு அசைவுக்குப்பின் ஒரு சிறிய சத்தத்தோடு துண்டு சுழலத் தொடங்கியது. அந்தச் சத்தத்துக்காக இரண்டு நாள் காத்திருந்தோம் என்று சொன்னால் மிகையில்லை.

துண்டோடு அலுமினிய மரையும் பாதி உதிர்ந்து வந்திருந்தது. அதற்கு ஹெலிகாயில் போட்டோம். 8 மில்லிமீட்டர் போல்ட் என்றால் 8.3 மில்லிமீட்டர் ட்ரில்லால் துளையைப் பெரிதாக்கி, அதற்கென உள்ள டேப்பால் புதிய மரை வெட்டி, எஃகுக் கம்பிச் சுருளை உள்ளே திருகி விடுவார்கள். போல்ட் அந்தச் சுருளின் உட்புறத்தில் இறுகும். பழைய அலுமினிய மரையைவிட இது உறுதியானது. ட்ரில்லின் மேல் ஒட்டும் நாடாவைச் சுற்றி ஆழத்தைக் குறித்துக்கொண்டோம். அலுமினியத் துகள் சிலிண்டருக்குள் விழாமலிருக்க, பிஸ்டனை மேலே ஏற்றிவைத்து, புகை வாயில் கிரீஸ் தடவிய துணியை அடைத்தோம். மேனிஃபோல்டின் முகத்தில் நேர்கோல் வைத்துப் பார்த்ததில், கசிந்த மூலையில் இடைவெளியை அளக்கும் ஃபீலர் கேஜின் 0.2 மில்லிமீட்டர் தகடு நுழைந்தது. தடித்த கண்ணாடியின் மேல் எமரித் தாளை ஒட்டி, எட்டு வடிவில் தேய்த்துச் சமப்படுத்தினோம்.

விட்ட கேள்விக்கு வருகிறேன். மேனிஃபோல்டை அடுத்துள்ள கனமான புகைக் குழாயை, ஓடத்தோடு சேராமல் எஞ்சினோடு தாங்கி நிற்க ஒரு பிடிப்பும் ரப்பரும் இருந்தன. அந்த ரப்பர் இரண்டாகக் கிழிந்திருந்தது. நின்றபடி பார்த்தால் தெரியாது, கையை அடியில் விட்டுத் தூக்கினால் குழாய் ஆடியது. குழாயின் எடை முழுவதும் மேனிஃபோல்டில் தொங்கி, ஒவ்வொரு அலைக்கும் அந்தக் கீழ் மூலையை இழுத்திருக்கிறது. அங்கே நின்றது சாதாரண போல்ட். முதலில் ரப்பர், அடுத்து போல்ட், அதற்கப்புறம் கேஸ்கெட் என்ற வரிசையில் போயிருக்கிறது. நாங்கள் கண்டுபிடித்ததோ தலைகீழ் வரிசையில். கேஸ்கெட்டை மட்டும் மாற்றி மதியமே அனுப்பியிருந்தால், அடுத்த பருவத்தில் அதே டிரெய்லர் அதே வாளையாறு வழியாகத் திரும்பியிருக்கும்.

புதிய ரப்பரும் கேஸ்கெட்டும் எட்டு போல்ட்டுகளும் அந்த மாடலுக்கு உரியவையாகவே வரவழைத்தோம். மரையில் கிரீஸா, பூட்டும் பசையா என்று பட்டறையில் ஒரு வாக்குவாதம் நடந்தது. இந்த எஞ்சினின் கையேடு பசையைச் சொல்கிறது; அது இடுக்கில் கடல் நீர் புகாமலும் தடுக்கிறது என்பதால் நான் அதன் பக்கம் நின்றேன். நடுவிலிருந்து வெளிப்பக்கமாக, இரண்டு சுற்றில், இறுக்கத்தை அளந்து காட்டும் டார்க் ரெஞ்சால் கையேட்டின் அளவுக்கு இறுக்கி, பின்னால் தளர்ந்தால் தெரியும்படி ஒவ்வொரு தலையிலும் மஞ்சள் பெயிண்டால் ஒரு கோடு போட்டேன். எண் எழுதிய தகடுகள் தத்தம் மூலைக்குத் திரும்பின.

வாசலில் வைத்து, தொட்டித் தண்ணீரைக் குழாயில் இணைத்து ஓட்டிப் பார்த்தோம். இதில் ஓர் ஒழுங்கு உண்டு: எஞ்சினை இயக்கிய பிறகே தண்ணீரைத் திறக்க வேண்டும், தண்ணீரை மூடிய பிறகே எஞ்சினை நிறுத்த வேண்டும். புகையின் வேகம்தான் தண்ணீரை வெளியே தள்ளுகிறது. எஞ்சின் ஓடாதபோது தண்ணீர் வந்தால் அது புகை வழியிலேயே பின்னோக்கி ஏறிச் சிலிண்டரில் நிறைந்துவிடும். என் மச்சான் குழாயைத் திறக்க முந்தினான், கையைத் தட்டிவிட்டேன். சோப்பு நுரை எந்த மூலையிலும் பொங்கவில்லை. ஆனாலும் பாரமில்லாமல் நின்ற இடத்தில் ஓடுவதைச் சோதனையாக நான் எடுத்துக்கொள்ளவில்லை.

ஓணத்துக்கு முந்தைய வாரம் தொலைபேசியில் அழைத்தான். "சீட்டை மாட்டியே அரை மணி நேரம் ஓட்டிட்டனுங் மாமா." மஞ்சள் கோடுகள் நகர்ந்திருக்கின்றனவா என்று பார்க்கச் சொன்னேன். அடித்தளத்தை வெள்ளைத் துணியால் துடைத்துப் படம் அனுப்பு என்றும் சொன்னேன். கோடுகள் நகரவில்லை. துணியில் ஈரமும் கொஞ்சம் மணலும் இருந்தன.