அடிதடிக்கும் கசிப்புக்கும் ஒரே வேர்

இலங்கை மலையகத்தின் ஹட்டன் பக்கத்துத் தேயிலைத் தோட்டப் பாடசாலைகளில் நான் மாணவர்களுக்கு ஆலோசனை வழங்கி வருகிறேன். சக மாணவனை அடித்தவனும், கசிப்பு (கள்ளச் சாராயம்) வாடையோடு வகுப்புக்கு வந்தவனும் வெவ்வேறு முறைப்பாடுகளாகவே என்னிடம் வந்து சேர்கிறார்கள். அடித்தவனுடைய பெற்றோரை அழைத்து எச்சரிக்கிறார்கள். குடித்தவனைப் போதை ஒழிப்புச் சொற்பொழிவில் உட்கார வைக்கிறார்கள். பல வேளைகளில் இருவரும் ஒரே பையன்தான் என்பது எவருக்கும் உறுத்துவதில்லை.

பயம், சோகம் என உள்ளுக்குள் குமையும் சிக்கல்களையும், சண்டை, களவு என வெளியே பாயும் சிக்கல்களையும் சிறுவர்களிடம் உளவியலாளர் தோமஸ் அக்கன்பாக் பிரித்துக் காட்டியது 1966இல். பின்னர் 2002இல், ரொபர்ட் க்ரூகர் குழுவினர் அமெரிக்காவின் மினசோட்டாவில் இரட்டையர்களை ஆராய்ந்து, மது, போதைப்பொருள், சமூக விரோத நடத்தை ஆகிய மூன்றுக்கும் அடியில் தன்னைக் கட்டுப்படுத்த இயலாத பொதுவான போக்கொன்று இருப்பதையும், அது பெருமளவு பரம்பரையாக வருவதையும் காட்டினர். "குடிகாரன் மகன் குடிகாரன்தான்" என்று லயத்தில், அதாவது தோட்டத் தொழிலாளரின் வரிசை வீடுகளில், சொல்லும் தீர்ப்புக்கு இதைச் சான்றாக்க முடியாது. மகனுக்கு வந்து சேர்வது குடியல்ல, தன்னைக் கட்டுப்படுத்த இயலாத அந்தப் போக்கு. அது எந்தப் பக்கம் திரும்பும் என்பதில் வீட்டுக்கும் கூட்டாளிகளுக்கும் பெரும் பங்குண்டு.

வீட்டின் பங்கை எனக்கு விளங்க வைத்தவர், அமெரிக்காவின் ஒரெகனில் குடும்பங்களை அவர்களுடைய வீட்டிலேயே அவதானித்து 1982இல் எழுதிய உளவியலாளர் ஜெரால்ட் பற்றர்சன். கொழுந்து நிறுத்துக் கொடுத்துவிட்டுக் களைத்து வந்த தாயிடம் மகன் போனைக் கேட்கிறான், அவள் மறுக்கிறாள், அவன் கத்துகிறான், அவள் அதட்டுகிறாள், அவன் அடுப்படிச் சட்டியை எத்துகிறான், "இந்தா, தொலைஞ்சு போ" என்று அவள் கொடுத்துவிடுகிறாள். காம்பராவில் (லயத்து வீட்டில்) உடனே அமைதி. கத்தினால் கிடைக்கும் என்பதை மகனும், விட்டுக்கொடுத்தால் ஓயும் என்பதை தாயும் ஒரே நொடியில் கற்றுக்கொள்கிறார்கள். இரவில் தள்ளாடி வரும் தந்தை அதே மகனுக்கு பெல்ட்டை எடுக்கும்போது, பலத்தவன் பக்கமே நியாயம் என்ற பாடமும் சேர்ந்துவிடுகிறது.

(படம் பார்த்துத்தான் கைநீட்டப் பழகுகிறார்கள் என்பவர்களுக்கு ஒன்று: கனடாவின் ரிச்சர்ட் ட்ரம்ப்ளேயின் ஆய்வுகளின்படி, பிள்ளைகள் மிக அதிகமாக அடிப்பது 2, 3 வயதில். பெரும்பாலோர் அதன்பின் அடிக்காமல் இருக்கவே பழகுகிறார்கள்.)

கத்தலும் விட்டுக்கொடுத்தலுமாகத் தாயும் மகனும் சிக்கும் அச்சுழலை உடைக்கப் பெற்றோருக்குப் பயிற்சி உண்டு: சொல்வதைச் சுருக்கமாகச் சொல்வது, மறுத்தால் மறுப்பில் நிற்பது, நல்லதைக் கண்டவுடன் பாராட்டுவது. ஆனால் மறுப்பில் நிற்கும்போது கத்தல் முதலில் கூடித்தான் பிறகு குறையும். தனி வீடுகளுக்கு எழுதப்பட்ட அம்முறைகளில் லயத்துச் சுவர் இல்லை. இங்கே ஒரு காம்பராச் சத்தம் வரிசை முழுவதற்கும் கேட்கும். தாய் பணிவது மகனுக்கு அஞ்சியல்ல, அயலவர் வாய்க்கு அஞ்சி. அதனால் பயிற்சி தொடங்குமுன், அடுத்த காம்பராவில் போய், "கொஞ்ச நாளைக்கு எங்க வீட்டுல சத்தம் கேக்கும்க்கா, நீங்க வந்து சமாதானம் பண்ணிறாதீங்க" என்று சொல்லி வைக்கும்படி தாய்மாரிடம் கேட்டுக்கொள்கிறேன்.