தோட்டத்துக் கற்கள் ஏன் நிறம் மாறுகின்றன?

தோட்டத்தில் பரப்பிய வெள்ளைக் கற்கள் சில மழைக்காலங்களுக்குள் பழுப்பேறிவிட்டால், விற்றவர் ஏமாற்றிவிட்டார் என்றுதான் பலரும் முதலில் நினைக்கிறார்கள். சாயம் ஏற்றிய கற்களைப் பொறுத்தவரை அந்தச் சந்தேகத்தில் நியாயம் உண்டு. வெயிலில் உள்ள புற ஊதாக் கதிர்கள் பல சாயங்களை வெளுக்கச் செய்துவிடும். ஆனால் சாயமே படாத இயற்கைக் கற்களும் நிறம் மாறத்தான் செய்கின்றன. காற்றும் மழைநீரும் எளிதில் எட்டாத ஆழத்தில் கிடந்த கனிமங்கள், வெட்டி எடுக்கப்பட்டு வெளியே வந்ததும் அவற்றோடு வினைபுரியத் தொடங்குகின்றன. நாம் பார்த்து மயங்கி வாங்குவது, பெரும்பாலும் புதிதாக உடைந்த முகத்தின் நிறத்தை.

இந்த வினைகளில் முதன்மையானது இரும்பினுடையது. வெண்ணிறக் கற்களில்கூட இரும்பு சிறிதளவு ஒளிந்திருக்கலாம்: சிலவற்றில் பைரைட் என்னும் இரும்பு சல்பைடாக, சிலவற்றில் கறுப்பு மைக்காச் செதில்களாக, சில சுண்ணாம்புக் கற்களில் கார்பனேட்டின் ஒரு பகுதியாக. ஈரமும் ஆக்சிஜனும் சேரும்போது அந்த இரும்பு ஆக்சிஜனேற்றம் அடைந்து, மஞ்சள் கலந்த பழுப்பு நிறமுள்ள கோதைட் போன்ற துருக் கனிமங்களாகப் படிகிறது. பழுப்புப் புள்ளி விழுந்த கல்லை உருப்பெருக்கிக் கண்ணாடியில் பார்த்தால், பல சமயம் நடுவில் கருமையான ஒரு துகளும், அதைச் சுற்றி வெளியே போகப்போக மங்கிக்கொண்டே செல்லும் மஞ்சள் வளையமும் தெரியும். சிதைந்துகொண்டிருப்பது அந்தத் துகள்தான். பைரைட்டில் கூடுதலாக ஒரு தொல்லை, அது சிதையும்போது கந்தக அமிலமும் உண்டாகி, பக்கத்திலுள்ள சுண்ணாம்பை அரித்துவிடும். அமெரிக்காவின் வெர்மான்ட் மாநிலத்தில் கிடைக்கும் பலகைக்கற்களை ‘நிறம் மாறாதவை’, ‘நிறம் மாறுபவை’ என்று வகை பிரித்தே விற்பது வழக்கம். இரண்டாம் வகையில் பச்சை நிறம் நாளடைவில் பழுப்புக்குப் போய்விடும் என்பது வாங்குபவருக்கு முன்பே தெரியும்.

கறுப்புக் கற்களில் கதை தலைகீழ். கறுப்புச் சுண்ணாம்புக்கல்லின் கருமைக்குக் காரணம் அதில் நுண்ணிய அளவில் கலந்துள்ள கரிமப் பொருள். காற்றிலுள்ள கார்பன் டை ஆக்சைடு கரைவதால், மாசற்ற மழைநீரின் பி.எச். அளவே (அமிலத்தன்மையைக் காட்டும் எண்; 7க்குக் கீழே போனால் அமிலம்) சுமார் 5.6தான், அந்த மெல்லிய அமிலம் மேற்பரப்பைச் சிறிது சிறிதாகக் கரைத்துச் சொரசொரப்பாக்க, ஒளி நாலாபுறமும் சிதறிக் கல் சாம்பல் நிறமாகத் தெரிகிறது. தண்ணீர் ஊற்றினால் கருமை திரும்புவதும் இதனால்தான். ஒளியை ஒரு பொருள் எவ்வளவு வளைக்கிறது என்பதைக் காட்டும் ஒளிவிலகல் எண் காற்றுக்கு 1, நீருக்கு 1.33, சுண்ணாம்புக்கல்லின் முக்கியக் கனிமமான கால்சைட்டுக்குச் சுமார் 1.49 முதல் 1.66 வரை, நுண்பள்ளங்களில் காற்றுக்குப் பதில் நீர் நிறையும்போது வேறுபாடு குறைந்து, சிதறலும் குறைகிறது. கூழாங்கற்களைப் பளபளக்க வைக்கப் பூசும் மெழுகும் எண்ணெயும் செய்வதும் இதே வேலைதான். பூச்சு தேய்ந்ததும் கல்லின் காய்ந்த நிறம் வெளிப்படுகிறது, அவ்வளவே.

கல்லின் உள்ளிருந்து வராத கறைகளும் உண்டு. நிழலும் ஈரமும் உள்ள இடத்தில் பாசியும் நுண்ணுயிர்களும் பச்சையாகவோ கறுப்பாகவோ படர்கின்றன. உதிர்ந்த இலைகளில் உள்ள டானின் என்னும் துவர்ப்புப் பொருள் பழுப்புக் கறையைத் தருகிறது, அதோடு இரும்பும் சேர்ந்தால் மை போன்ற கருநீலம் உண்டாகிறது. இரும்புச் சத்துள்ள உரம் சிந்திய இடத்தில் துருக்கறை விழும். கடின நீர் தெளிக்கும் இடங்களில் வெண்படலம் தோன்றும்.

காரணம் தெரியாமல் ஆசிட்டை ஊற்றுவதுதான் எனக்குப் பெரிய தவறாகப் படுகிறது. ஒரு கல்லை உடைத்துப் பாருங்கள். உள்ளே பழைய நிறமும் விளிம்பில் மட்டும் பழுப்புத் தோலும் இருந்தால் அது பெரும்பாலும் இரும்பின் வேலை. ஹைட்ரோகுளோரிக் அமிலம் பளிங்கையும் சுண்ணாம்புக்கல்லையும் கரைத்துவிடும். இரும்புள்ள கற்களில் இரும்பைக் கரைத்துப் பரப்பி, மஞ்சளை இன்னும் அதிகமாக்கிவிடக்கூடும். குவார்ட்ஸ் கற்களின் துருக்கறைக்கு ஆக்சாலிக் அமிலம் பயன்படும், ஆனால் அது நச்சு, கையுறை வேண்டும். பாசிக்குத் தேய்ப்பானும் தண்ணீருமே பெரும்பாலும் போதும். பூஞ்சையும் பாசியும் சேர்ந்து வாழும் லைக்கனை மட்டும் நான் சுரண்டமாட்டேன். அதன் இழைகள் கல்லின் துகள்களுக்கிடையே நுழைந்திருப்பதால், கூடவே கல்லின் மேற்பரப்பும் பெயர்ந்து வந்துவிடும்.