ஓவியர் செய்த நாற்காலி

இரண்டு நாளாக ஜெரால்டோ டி பாரோஸ் நினைப்பாகவே இருக்கிறது. பிரேசில்காரர். வங்கியில் வேலை, மிச்ச நேரத்தில் ஓவியமும் புகைப்படமும். 1952-இல் சாவ் பாவ்லோவில் 'ருப்துரா' என்ற கலைஞர் குழுவின் கொள்கை அறிக்கையில் கையெழுத்திட்ட ஏழு பேரில் ஒருவர். அவர்கள் படங்களில் மரம், முகம், கடல் எதுவும் கிடையாது, கோடும் சதுரமும்தான். கணக்குத் தெரிந்தால் யாரும் திரும்பச் செய்துகொள்ளலாம், பணக்காரர் வீட்டுச் சுவரில் தொங்கும் ஒற்றைப் பொருளாகப் படம் இருக்க வேண்டியதில்லை என்பது அவர் கட்சி.

சரி, இதை நிறைய பேர் பேசினார்கள். இவர் செய்தே பார்த்தார். 1954-இல் டொமினிக்கன் என்ற கத்தோலிக்கத் துறவற சபையைச் சேர்ந்த ஒரு பாதிரியாரோடு சேர்ந்து 'யுனிலாபோர்' என்ற தொழிலாளர் கூட்டுறவு மரச்சாமான் பட்டறையைத் தொடங்கினார். மேசை, நாற்காலி, அலமாரி. சில அடிப்படைத் துண்டுகளையே மாற்றி மாற்றிப் பொருத்தினார்கள். படத்தில் சதுரங்களை அடுக்கிய அதே மூளை! லாபத்தில் தொழிலாளிகளுக்கும் பங்கு.

1967-இல் பட்டறை மூடப்பட்டது. அந்த நாற்காலிகள் இப்போது ஏலத்துக்கு வருகின்றன, சேகரிப்பாளர்களுக்காக. கொஞ்சம் வயிற்றெரிச்சல்தான்.

மனிதர் விடவில்லை. பிற்காலத்தில் படங்களையே ஃபார்மைக்காவில் செய்தார். ஆமாம், எங்கள் வீட்டுச் சமையலறை அலமாரிக் கதவில் ஓரம் பெயர்ந்து நிற்கிறதே, அதே ஃபார்மைக்காதான்.