மாற்றுச் சிறுநீரக ஸ்கேன்: ஆர்.ஐ. குறைந்தாலும் சந்தோஷப்பட வேண்டாம்

சிறுநீரக மாற்று சிகிச்சை செய்துகொண்டவர்கள் ரத்த ஓட்டத்தை அளக்கும் டாப்ளர் ஸ்கேன் ரிப்போர்ட்டைப் பிரித்ததும் தேடுவது, சிறுநீரகத்துக்குள் ரத்த ஓட்டத்துக்கு இருக்கும் தடையைக் காட்டும் ஆர்.ஐ. என்ற எண்ணைத்தான். 0.8-ஐத் தாண்டியிருந்தால் அன்றைக்குத் தூக்கம் போச்சு. 0.5 என்றிருந்தால் நிம்மதி. இரண்டுமே அவசர முடிவு.

புதுச் சிறுநீரகம் அடிவயிற்றின் ஓரத்தில், பெரும்பாலும் வலப்பக்கம், மேலாகவே இருக்கிறது. அதன் தமனியையும் சிரையையும் காலுக்குப் போகும் இலியாக் குழாய்களில் தைத்திருப்பார்கள். மேலாக இருப்பதால் படம் தெளிவாக விழும், வம்பும் அதில்தான். வயிற்றில் வைக்கும் ஸ்கேன் கருவியான புரோபைக் கொஞ்சம் அழுத்தினாலே சிறுநீரகம் நசுங்கும், இதயம் தளரும் நேரத்து ஓட்டம் குறையும், ஆர்.ஐ. பொய்யாக ஏறும். ஜெல்லைத் தாராளமாகப் போட்டு, புரோபின் பாரம் வயிற்றில் இறங்காமல் பிடிக்க வேண்டும்.

மூச்சும் அப்படியே. கல்லீரல் ஸ்கேனுக்குச் சொல்லிச் சொல்லிப் பழகிய ‘தாரிக் நஃபாஸ், தாஹான்’ (மலாயில் ‘மூச்சை இழுங்க, பிடிங்க’) இங்கே வேண்டாம். மூச்சை இழுத்து முக்கினாலும் ஆர்.ஐ. கூடும். சாதாரணமாக மூச்சு விடும்போது ‘தாஹான் செகெஜாப்’ (கொஞ்ச நேரம் பிடிங்க) என்றால் போதும்.

கணக்கு எளிது. சிறுநீரகத்தின் உள்தமனியில் ரத்தத்தின் உச்ச வேகம் விநாடிக்கு 50 செ.மீ., துடிப்பின் கடைசி வேகம் 15 செ.மீ. என்றால், (50−15)÷50 = 0.70. மேல், நடு, கீழ் என மூன்று இடங்களில் எடுப்பார்கள். 0.6 முதல் 0.8 வரை பொதுவாகச் சரி. அதற்கு மேல் போனால் உடல் புதுச் சிறுநீரகத்தை ஏற்காத நிராகரிப்பாக இருக்கலாம்; சிறுநீர் அடைப்பாக இருக்கலாம்; சுற்றிலும் தேங்கிய நீர் அழுத்தலாம்; சிறுநீரகத்தைப் பெற்றுக்கொண்டவரின் தமனி வயதாகி விறைத்திருக்கலாம். எது என்று அந்த எண் சொல்லாது. நிராகரிப்பை உறுதிசெய்ய, ஊசியால் திசு எடுத்துச் சோதிக்கும் பயாப்ஸிதான்.

தமனிச் சுருக்கத்தில் கதை தலைகீழ். உள்ளே வரும் ரத்தம் வேகம் இழந்து, அலை கூர்மையாக எழாமல் சோம்பலாக ஏறும், ஆர்.ஐ. 0.5 பக்கம் இறங்கும். இந்தச் சுருக்கம் பெரும்பாலும் 3 மாதம் முதல் 2 வருடத்துக்குள் வரும். மாத்திரைக்கு அடங்காத ரத்த அழுத்தம், பெரிண்டோப்ரில் என்ற ரத்த அழுத்த மாத்திரை ஆரம்பித்ததும் ரத்தத்தில் ஏறும் கிரியேட்டினின் இரண்டும் துப்பு. அப்போது தையல் இடத்தில் வேகம் அளக்க வேண்டும். விநாடிக்கு 250-300 செ.மீ.-க்கு மேல், அதைத் தாண்டிச் சுழல் ஓட்டமும் இருந்தால் சந்தேகம் வலுக்கும். ஆனால் ஒலி அலைக்கும் ரத்த ஓட்டத்துக்கும் இடையிலான கோணம் 60 டிகிரியைத் தாண்டக் கூடாது. உண்மைக் கோணம் 60 ஆக இருக்க 65 என்று வைத்தாலே வேகம் சுமார் 18% கூடிக் காட்டும். 70-ஐ 75 என்று வைத்தால் 30%-க்கு மேல். வளைந்து நெளியும் தமனியில் இந்தத் தவறு சுலபமாக நடக்கும். அறுவை முடிந்த முதல் சில நாட்களில் வீக்கத்தாலும் வேகம் கூடும். அதை உடனே சுருக்கம் என்று எழுதிவிடக் கூடாது.

முதல் வாரத்தில் பயப்பட வேண்டியது சிரை அடைப்புக்கு. சிறுநீரகம் வீங்கும், சிறுநீர் குறையும், தமனியில் ரத்தம் ஒவ்வொரு துடிப்பின் பிற்பகுதியிலும் பின்னோக்கி ஓடும். கடும் நிராகரிப்பிலும் இந்தப் பின்னோட்டம் வரும் என்பதால், சிரையைத் தேடிப் பார்க்காமல் முடிவுக்கு வரக் கூடாது. அங்கே ஓட்டமே தெரியவில்லையா? வேக அளவுகோலைக் குறைத்து, மெதுவான அசைவுகளை வடிகட்டும் வால் ஃபில்டரை இறக்கி மறுபடி பாருங்கள். அளவுகோல் உயரத்தில் இருந்தால் மெதுவான ஓட்டம் திரையில் விழாது. அப்போதும் இல்லையென்றால் அறுவை டாக்டருக்கு உடனே போன் போக வேண்டும். மறுநாள் ரிப்போர்ட்டில் எழுதும் சங்கதி இல்லை.

பயாப்ஸிக்குப் பிறகு, ஓட்டத்தை நிறமாகக் காட்டும் டாப்ளர் படத்தில் ஒரே இடத்தில் நிறங்கள் கலந்து, சுற்றியுள்ள திசுவிலும் புள்ளி புள்ளியாகத் தெறித்தால் ஊசி போன வழியில் தமனியும் சிரையும் ஒட்டிக்கொண்டிருக்கின்றன. அளவுகோலை ஏற்றிப் பாருங்கள்: மற்ற குழாய்கள் மங்கும், அது மட்டும் மினுங்கும். பெரும்பாலானவை தானே மூடிக்கொள்ளும். பெரிதாகி ரத்தத்தைத் திருடுபவற்றை மட்டும் கதீட்டர் என்ற மெல்லிய குழாய் வழியாகக் காயில் (சிறு கம்பிச் சுருள்) வைத்து அடைப்பார்கள்.