மேல்லயத்து அத்தையும் பறக்கும் தட்டும்

ஐந்துக்குக் கீழே மார்க்ஸ் வாங்கிய படத்தை நம்ம கெம்பஸ்காரர் பார்க்க மாட்டாராம். அக்கா பெற்ற அருமை மகன், யுனிவர்சிட்டி லீவில் வந்து நிற்கிறார். போனில் படத்தின் பெயரைத் தட்டுகிறார், பத்துக்கு எத்தனை என்று பார்க்கிறார், ஏழுக்கு மேல் என்றால் தலையை ஆட்டுகிறார், இல்லாவிட்டால் உதட்டைப் பிதுக்குகிறார். சாதாரண தரப் பரீட்சையில் இவர் கணக்குக்கு எடுத்த மார்க்ஸ் என்ன என்று எனக்குத் தெரியும். அக்காவுக்காக வாயை மூடிக்கொண்டிருக்கிறேன்.

போன ஞாயிற்றுக்கிழமை என் ஹார்ட் டிஸ்க்கைக் குடைந்தவர், "மாமா, இதுல ஒண்ணுகூட பாஸ் இல்லையே!" என்றார். எப்படி இருக்கும்? அதில் இருப்பதெல்லாம் நான் பொறுக்கிச் சேர்த்த பொக்கிஷங்கள். 1953-இல் வந்த 'ரோபோ மொன்ஸ்டர்' இருக்கிறது. உலகத்தை அழிக்க வரும் ரோபோவுக்கு உடுப்புத் தைக்கக் காசில்லை. சொந்தமாகக் கொரில்லா உடுப்பு வைத்திருந்த நடிகர் ஒருவர் அகப்பட்டார். அவர் தலையில் சுழியோடி போடுவது மாதிரி ஒரு ஹெல்மெட்டைக் கவிழ்த்தார்கள், ரோபோ ரெடி. நாலே நாளில் படம் முடிந்துவிட்டது. நாலு நாளில் எங்கள் மஸ்கெலியாத் தேயிலைத் தோட்டத்துப் பாதையில் ஒரு குழியை மூடிக் காட்டட்டும் பார்ப்போம்.

நாய்களுக்குச் சடையைப் போர்த்தி ராட்சத மூஞ்சூறு என்று ஓடவிட்ட 'கில்லர் ஷ்ரூஸ்' இருக்கிறது. ராட்சதப் பறவை ஒன்று வரும் 'ஜயன்ட் க்ளோ' இருக்கிறது. அதன் கதாநாயகனை நினைத்தால் எனக்கு நெஞ்சு அடைக்கும். படம் பிடிக்கும்போது பறவையே கிடையாது. "அந்தா வருது" என்றால் வெறும் வானத்தைப் பார்த்து நடுங்க வேண்டும். மனுஷன் உயிரைக் கொடுத்து நடுங்கியிருக்கிறார். 1957-இல் தன் சொந்த ஊர்த் தியேட்டரில் உட்கார்ந்து பார்க்கும்போதுதான், தான் நடுங்கியது ஒரு வான்கோழிப் பொம்மையைப் பார்த்து என்று தெரிந்தது. தியேட்டரே சிரிக்க, யார் கண்ணிலும் படாமல் நழுவி வெளியே போய்விட்டாராம்.

வெள்ளைக்காரனுக்கு மட்டும்தான் இந்தத் துணிச்சல் என்று நினைக்க வேண்டாம். சேலம் மொடர்ன் தியேட்டர்ஸும் அமெரிக்கர்களும் கூட்டுச் சேர்ந்து எடுத்த 'காடு' (1952) படத்தில் ஆதிகாலத்து மாமத் யானைகள் வரும். நம்ம யானைக்கே சடை ஒட்டி விட்டிருப்பார்கள். 1963-இல் எம்.ஜி.ஆர். 'கலை அரசி'யில் வேற்றுக் கிரகத்துக்கே போய் வந்தார். அந்தக் கிரகத்து ஆட்கள் பூமிக்கு வந்தது தங்கத்துக்கா, தண்ணீருக்கா? பாட்டுச் சொல்லிக் கொடுக்க ஆள் இல்லாமல். பானுமதியைத் தூக்கிக்கொண்டு போனார்கள். இதைவிட நாகரிகமான படையெடுப்பை எந்த ஹொலிவூட் படத்தில் பார்த்திருக்கிறீர்கள்?

"அதெல்லாம் விடுங்க மாமா, நம்ம கித்துல்கலையில எடுத்த படம், குவாய் நதிப் பாலம், ஏழு ஒஸ்கார், அதப் பாருங்க" என்றார் கெம்பஸ்காரர். கொழும்பு பஸ்ஸில் ஏறினால் யாராவது ஒருவர் கித்துல்கலையில் ஜன்னலால் கையை நீட்டி அந்த இடத்தைக் காட்டாமல் விடுவதில்லை. நல்ல படம்தான். உண்மையான பாலம் கட்டி, உண்மையான ரயில் கோச்சியை ஓடவிட்டு, 1957-இல் வெடிவைத்துத் தகர்த்தார்கள். கோச்சியைத் தகர்த்துக் காட்டினால் யார்தான் பயப்பட மாட்டார்கள்? ஒரு பொம்மைத் தட்டை நூலில் கட்டித் தொங்கவிட்டு, இதுதான் வேற்றுக் கிரகக் கப்பல் என்று கூச்சமே இல்லாமல் ஆட்டிக் காட்ட வேண்டும். அதற்குத்தான் நெஞ்சு வேண்டும்.

இந்த ரசனை எனக்கு எங்கிருந்து வந்தது என்று அக்கா கேட்கிறாள், ஏதோ தான் வேறு வீட்டில் பிறந்தவள் போல. லயத்துக்கு, அதாவது எங்கள் தோட்டத்து வரிசை வீடுகளுக்கு, கரண்ட் வராத காலத்தில் திருவிழா முடிந்த இரவு டவுனிலிருந்து வீடியோ டெக்கும் டீவியும் ஜெனரேட்டரும் வாடகைக்கு வரும். சாமிப் படம் ஒன்று, சண்டைப் படம் ஒன்று, கடைசியில் பேய்ப் படம். விட்டலாச்சார்யாவின் 'ஜகன்மோகினி'யை அப்படித்தான் பார்த்தோம். தெலுங்கில் 1978-இல் வந்து தமிழ் பேசிய படம். கதாநாயகன் கால்ஷீட்டில் இழுத்தடித்தால் முனிவர் சாபத்தால் அவரைக் கிளியாக்கிவிட்டு, கிளியை வைத்தே மிச்சப் படத்தை முடித்துவிடுவார் விட்டலாச்சார்யா என்று ஒரு கதை சொல்வார்கள். மெய்யோ பொய்யோ, அவர் படங்களைப் பார்த்தவர்களுக்கு நம்பக் கஷ்டமாக இருக்காது.

அதில் பேய் அடுப்புக்குள் தன் இரண்டு காலையும் விறகாக நீட்டிச் சோறாக்கும். கூட்டம் மூச்சுவிடாமல் பார்த்துக்கொண்டிருந்தபோது அம்மா மட்டும் சத்தமாகச் சொன்னார்: "எனக்கு இப்பிடி ரெண்டு காலு இருந்தா கவ்வாத்து மலைக்கு மிலாறு வெறகு பொறுக்கப் போவேனா?" கோவில் வாசலே சிரித்தது. அப்படிச் சிரித்த அதே கூட்டம் மறுநாள் விடியற்காலையில் தண்ணீர்ப் பீலிக்குப் போக ஆள் துணை தேடியது. அக்கா என் சட்டையைப் பிடித்துக்கொண்டுதான் போனாள். இப்போது கேட்டால் மறுக்கிறாள். ஜெனரேட்டரில் டீசல் முடிந்துபோனதால் ஜகன்மோகினியின் முடிவு எங்களுக்குப் பல வருஷம் தெரியாது. அவரவர் ஒரு முடிவு சொல்லிக்கொண்டு திரிந்தோம்.

சரி, ஞாயிற்றுக்கிழமைக்கு வருகிறேன்.

மழை. மஸ்கெலியா மழையைப் பற்றி உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. சாயங்காலமே டிஷ் செத்துவிட்டது. டீவி நாடகத்து மருமகள் பால் தம்ளரில் எதையோ கலந்துவிட்டுத் திரும்பும் நேரத்தில் நாடகம் அப்படியே உறைந்து, கட்டம் கட்டமாக உடைந்து, நீலமானது. அம்மா ரிமோட்டைக் கீழே போட்டுவிட்டு, "எதையாச்சும் போட்டுத் தொலைங்கடா" என்றார். இதற்காகத்தானே காத்திருந்தேன். கெம்பஸ்காரரின் லெப்டொப்பை டீவியில் செருகி, 'பிளான் 9 ஃப்ரம் அவுட்டர் ஸ்பேஸ்' போட்டேன். எட் வுட் எடுத்தது. 1980-இல் ஒரு புத்தகம் உலகத்திலேயே படுமோசமான படம் என்று இதற்குப் பட்டம் கட்டிவிட்டது. கெம்பஸ்காரர் அதைப் போனில் தேடி எடுத்து, பரீட்சை ரிசல்ட் வாசிப்பது போல வாசித்துக் காட்டினார். காசு போட்டது ஒரு பப்டிஸ்ட் சபைக்காரர்கள் என்றும், அவர்களுக்காக நடிகர்கள் சிலர் ஞானஸ்நானமே எடுத்தார்கள் என்றும் அதே போனில்தான் இருக்கிறது. அதை வாசிக்கவில்லை.

அந்த நேரம் பார்த்து மேல்லயத்து அத்தை போன் சார்ஜ் போட வந்தார். அவருடைய லயத்துக் காம்பிராவில், அதாவது அறையில், பிளக் எரிந்துபோய், அதை யார் மாற்றுவது என்று ஒரு பஞ்சாயத்து. "என்னா படம்?" என்றபடி உட்கார்ந்துவிட்டார். தகரத்தில் மழை கொட்டுகிற சத்தத்தில் ஒரு வசனம் கேட்கவில்லை. கேட்டாலும் இங்கிலீஷ். வேறு வழியில்லாமல் எல்லாருக்கும் நானே தமிழில் குரல் கொடுக்க ஆரம்பித்தேன்.

இது ஒன்றும் புதுசில்லை. 'மேனோஸ்' என்று ஒரு படம், 1966. டெக்சாஸில் உரம் விற்றுக்கொண்டிருந்த ஒருவர், பேய்ப் படம் எடுப்பது பெரிய கஷ்டமா என்று பந்தயம் கட்டி எடுத்தது. சாவி முறுக்கும் கமெரா. ஒரு முறுக்குக்கு 32 செக்கன், அதற்குள் பயப்பட்டு முடித்துவிட வேண்டும். சத்தம் பதிய வசதியில்லாமல், பிறகு விரல்விட்டு எண்ணக்கூடிய ஆட்கள் சேர்ந்து எல்லாப் பாத்திரத்துக்கும் குரல் கொடுத்தார்கள். உரம் விற்கிறவனுக்கு எதற்குப் படம் என்று சிரித்தார்கள். ரசாயன உரமே இல்லாமல் தேயிலை வளரும் என்று 2021-இல் இந்த நாட்டில் ஒரு படம் ஓட்டினார்களே, அதற்கு எத்தனை மார்க்ஸ் போடுவது?

இப்போது கதை. வேற்றுக் கிரகத்து ஆட்கள் பூமிக்கு வருகிறார்கள். அரசாங்கங்கள் அவர்களைக் கண்டும் காணாதது போல இருக்கின்றன. அதனால் செத்தவர்களை எழுப்பிவிடுகிறார்கள். அவர்கள் வந்த காரணம் ஏதோ ஒரு குண்டு சம்பந்தமான நீளமான விஷயம். அத்தைக்கு அதை விளக்கச் சோம்பல்பட்டு, "சம்பளப் பிரச்சினை பேச வந்திருக்காங்கத்த" என்று சொல்லிவிட்டேன். அதற்கப்புறம் என்னால் திரும்ப முடியவில்லை. பளபளச் சட்டை போட்ட தலைவர் மேசைக்குப் பின்னால் நின்று கோபப்பட, நான் குரல் கொடுத்தேன்: "நாளுக்கு ஆயிரம் ரூபா கேட்டோம், இழுத்தீங்க. ஆயிரத்து எழுநூறு கேட்டோம், இழுத்தீங்க. எத்தன தடவ வந்து பேசினாலும் பாத்தும் பாக்காத மாதிரி போறீங்க. இனிமே செத்தவங்கதான் பேசுவாங்க."

அத்தை நிமிர்ந்து உட்கார்ந்தார். "அதானே. உசுரோட இருக்கிறவ கேட்டா யாரு குடுக்குறா?"

பொலிஸ்காரர்கள் துப்பாக்கி முனையால் முகத்தைச் சொறிவதையும், கால் பட்டுக் கல்லறைக்கல் சாய்வதையும் கெம்பஸ்காரர் விடாமல் காட்டிக்கொண்டிருந்தார். "பாருங்க மாமா, இப்ப பகல், இப்ப ராத்திரி, திரும்பவும் பகல். ஒரே தொரத்தல்ல!" அத்தை அவரை மேலும் கீழும் பார்த்தார். "மஸ்கெலியாவுல இருந்துக்கிட்டு இதக் கேக்குறியே தம்பி. பனி எறங்கினா பகலு எது ராத்திரி எது?" கல்லறைக் காட்சி வந்ததும், "இது மவுஸாக்கலையில தண்ணி வத்தின மாதிரி இல்ல?" என்றார். மவுஸாக்கலை நீர்த்தேக்கத்தில் முங்கிப்போன பழைய டவுனின் கோவில் சுவர் எழும்பி நிற்குமே, அதைச் சொல்கிறார். எட் வுட்டுக்கு அந்த இடம் கிடைத்திருந்தால் அட்டைக் கல்லறைக்குச் செலவழித்த காசில் மதியச் சோறாவது ஒழுங்காகப் போட்டிருப்பார்.

செத்த இன்ஸ்பெக்டராக வரும் மல்யுத்த வீரர் ஆள் பெரிய ஆள், குழியிலிருந்து எழும்ப முடியாமல் தவிப்பார். உலகமே சிரித்த காட்சி அது. அம்மா, "பாவம்டா, யாராச்சும் ஒரு கைய குடுங்க" என்றார்.

அதே அம்மாதான் கேட்டார்: "அந்தாளு ஏன் மூஞ்சிய மூடிக்கிட்டே திரியிறான்?"

அது பேலா லுகோசி. 1931-இல் டிராகுலாவாக வந்து உலகத்தை நடுங்கவைத்தவர், கடைசிக் காலத்தில் கவனிப்பாரற்றுப் போனவர். எட் வுட் அவரை வைத்துக் கொஞ்சம் படம் பிடித்திருந்தார். வீட்டு வாசலில் ஒரு பூவைப் பறிக்கிறது, கறுப்பு அங்கியோடு நடக்கிறது, அவ்வளவுதான். 1956-இல் மனுஷன் போய்ச் சேர்ந்துவிட்டார். மிச்சத்துக்கு, தன் மனைவிக்கு முதுகுவலி பார்த்த வைத்தியரைக் கூட்டிவந்து, அங்கியால் முகத்தை மறைத்து நடக்கவிட்டார் எட் வுட். வைத்தியர் உயரத்திலும் ஒத்துவரவில்லை, சாடையிலும் ஒத்துவரவில்லை. இதை வைத்து இன்றுவரை சிரிக்கிறார்கள்.

அம்மாவிடம், "நடிச்சவரு செத்துட்டாரும்மா, இவரு அவருக்குப் பதிலா நிக்கிறாரு" என்றேன்.

அம்மா கொஞ்ச நேரம் பேசவில்லை. அப்புறம், "பதிலுக்கு நிக்கிறவன் மூஞ்சிய காட்டக் கூடாதுதான்" என்றார். "ஒங்கப்பா செத்துப்போன வருஷம், மாசியில காமன் கூத்துல எமன் வேஷம் கட்டினது யாருன்னு எனக்கு இன்னைக்கு வரைக்கும் தெரியாது. மூஞ்சி பூரா கரி. ஆட்டம் மட்டும் அவரு ஆட்டம். நான் யாருகிட்டயும் கேக்கல."

எனக்குத் தெரியும். அந்த எமனுக்குத் தப்படித்ததே நான்தான். சொல்லவில்லை. கெம்பஸ்காரரும் போனைக் கவிழ்த்து வைத்துவிட்டுச் சும்மா இருந்தார், அதிசயமாக.

கப்பல் தீப்பிடிக்கும்போது கரண்ட் போனது. எல்லாரும் லெப்டொப் பெட்டரியை நம்பி அந்தச் சின்னத் திரையைச் சுற்றி நெருக்கியடித்துக்கொண்டு மிச்சத்தைப் பார்த்தோம். தட்டு எரிந்துகொண்டே பறந்து வெடித்தது. நூலும் எரிந்திருக்கும்.

"கடைசியில குடுத்தாங்களா?" என்றார் அத்தை.

"இல்லத்த. பேச வந்தவங்க கப்பலே எரிஞ்சு போச்சு."

"அதானே பாத்தேன்." சார்ஜ் ஏறாத போனை எடுத்துக்கொண்டு குடையை விரித்தார்.

அத்தோடு முடிந்திருந்தால் இதை எழுதியிருக்க மாட்டேன். மறுநாள் காலையில் வேலை பிரிக்கிற பிரட்டுக்குப் போன அத்தை அங்கே கதை சொல்லியிருக்கிறார். அங்கிருந்து கொழுந்து மலைக்குப் போய், பெக்டரிக்குப் போய், மத்தியானத்துக்குள் அது டவுன் வரை இறங்கிவிட்டது. மூன்று மணிக்கு நம்ம தோட்டத்துத் தொழிற்சங்கத் தலைவர் கோல் எடுத்தார். குரலில் அவ்வளவு மரியாதை, அப்போதே எனக்குச் சந்தேகம்.

"தம்பி, வீட்டுல ஆளுகள கூட்டி ஏதோ சம்பளப் படம் போட்டீங்களாமே. யாரு எடுத்தது? அடுத்த சங்கத்துக்காரங்களா?"

"ஐயோ தலைவரே, அது அமெரிக்காக்காரர் எடுத்தது. 1950-களில்."

"அவரு இப்ப எங்க இருக்காரு?"

"1978-லயே செத்துட்டாரு."

மறுமுனையில் ஒரு நிம்மதிப் பெருமூச்சு கேட்டது. அப்புறம் கொஞ்சம் யோசித்துவிட்டு, "ஏன் தம்பி," என்றார், "அந்தப் படத்துல செத்தவங்கதான் எந்திரிச்சு வர்றாங்கன்னு சொல்றாங்க?"