விளக்குக்கு அடியில் அரை நாள்

கப்பலில் வேலை என்றால் தீவு தீவாகச் சுற்றிப் பார்க்கலாம் என்று கன்னியாகுமரி மாவட்டக் கடற்கரையில் எங்கள் தூத்தூர்ப் பக்கம் ஒரு நினைப்பு உண்டு. கொச்சியிலிருந்து லட்சத்தீவுக்குப் போகும் பயணிகள் கப்பலில் சாப்பாடு பரிமாறச் சேர்ந்தபோது எனக்கும் அது இருந்தது. ஐந்து நாள் சுற்று. ராத்திரி ஓட்டம், பகலில் ஒரு தீவு: கவரத்தி, கல்பேனி, மினிக்காய். பயணிகள் இறங்கிப் போவார்கள். நாங்கள் எச்சில் தட்டுகளோடு நிற்போம். ஆறு மாதம் மினிக்காயை வட்ட ஜன்னல் வழியாகத்தான் பார்த்தேன்.

அப்பாவுக்கு அந்தத் தீவு வேறு மாதிரி பழக்கம். ஆழ்கடலில் சுறாவுக்குத் தூண்டில் போட்டவர். போட்டில் ஏறியது இதே கொச்சியில்தான். போனால் இருபது, முப்பது நாள். மினிக்காய் அவருக்கு ஒரு விளக்கு, அவ்வளவுதான். அவர்கள் கிடக்கும் தூரத்துக்குப் பகலில் கோபுரம் தெரியாது. இருட்டியபிறகு வெளிச்சம் மட்டும் வந்து வந்து போகும். ஒரு மின்னலுக்கும் அடுத்ததற்கும் நடுவே வாய்க்குள் எண்ணுவார். ஒவ்வொரு விளக்குக்கும் ஒரு கணக்கு உண்டு, அதை வைத்துத்தான் எந்த விளக்கு என்று தெரியும். அந்தப் பழக்கம் கரையிலும் விடவில்லை. கோயில் படி, காயப்போட்ட கருவாடு, கல்யாணப் பந்தியில் இலை, எல்லாவற்றையும் எண்ணுவார்.

ஒருநாள் கரைக்குப் போகிறவர்கள் பட்டியலில் என் பெயரும் வந்தது. கப்பல் வெளியே நங்கூரம் போட்டு நிற்கும். பக்கவாட்டுக் கதவைத் திறந்து, சின்னப் படகு அலையில் மேலே எழும்பும் அந்த நொடியில் ஆளைக் கைபிடித்து இறக்க வேண்டும். ஒரு நொடி தப்பினால் படகு முழங்கால் ஆழத்துக்குக் கீழே போய்விடும். நாகர்கோவிலிலிருந்து வந்த ரிட்டயர்டு வாத்தியார்கள் குழு ஒன்று இருந்தது. எல்லாரையும் இறக்கியதில் தோள் கழன்றுவிட்டது. இறங்கியதும் ஒருவர் கேட்டார்: "தம்பி, இங்க நல்ல காப்பி எங்க கிடைக்கும்?"

மணலையும் நீலத் தண்ணீரையும் பற்றி நான் எழுதப்போவதில்லை. என்னை நிறுத்தியது ஒரு வாசனை. தேங்காய் மட்டைப் புகையும் சூரை மீனும் கலந்த வாசனை. ஒரு கொட்டகையில் மாசி போட்டுக்கொண்டிருந்தார்கள். சூரையை நீளமாகக் கீறி, உப்புத் தண்ணீரில் அவித்து, புகையில் வாட்டி, வெயிலில் நாள் கணக்கில் காய வைக்கிறார்கள். கடைசியில் அது விறகுக்கட்டை மாதிரி ஆகிவிடுகிறது.

அங்கே இருந்த பெரியவர் பழைய சரக்குக் கப்பல் மாலுமி. மினிக்காய் ஆண்களில் பலர் கப்பல்காரர்கள். அவர்களுக்குள் பேசுவது மஹல் மொழி. எனக்காக மலையாளத்துக்கு வந்தார். தூத்தூர் என்றதும் ஏற இறங்கப் பார்த்தார். "சுறாக்காரங்களா? உங்க போட்டு இந்தப் பக்கம் வர்றது எங்களுக்குப் பிடிக்காது." நேரே சொன்னார். நான் என்ன சொல்ல? நாங்கள் மைல் கணக்கில் கயிறு விட்டுத் தூண்டில் போடுகிறவர்கள். அவர்கள் சின்ன மீனை உயிரோடு தண்ணீரில் வைத்துக் கொண்டுபோய்க் கடலில் வீசி, மேலே தண்ணீரையும் பீய்ச்சி, கூட்டமாக எழும்பும் சூரையைக் கம்பால் ஒவ்வொன்றாகத் தூக்குகிறவர்கள். கொக்கியில் முள் கிடையாது. மீன் மேலே வந்ததும் தானே கழன்று விழும். எங்கள் முறையைவிட அது யோக்கியமானது என்றுதான் எனக்குத் தோன்றியது. ஊரில் இதைச் சொன்னால் அடி விழும்.

அப்புறம் அவரே ஒக்கியைப் பற்றிக் கேட்டார். 2017 நவம்பர் கடைசியில் அடித்த அந்தப் புயலில் எங்கள் கரையிலிருந்து போனவர்களில் பலர் திரும்பவில்லை. லட்சத்தீவுகளில் கரையேறித் தப்பியவர்களும் உண்டு. "உங்க வீட்ல?" என்றார். அப்பா அந்த வருசம் கடலுக்குப் போகவில்லை என்றேன். தலையாட்டிவிட்டு ஒரு மாசித் துண்டைத் தாளில் சுற்றிக் கொடுத்தார். காசு நீட்டியதற்கு முறைத்தார்.

திரும்ப ஒரு மணி நேரம்தான் இருந்தது. ஓடிப்போய் விளக்கில் ஏறினேன். 1885-இல் வெள்ளைக்காரன் கட்டியது. சுழன்று சுழன்று படி போகிறது, மூச்சு வாங்கியது. மேலே நின்று பார்த்தால் தீவு மொத்தமும் ஒரு தென்னந்தோப்புக் கீற்று. ஒரு பக்கம் கலங்காத ஏரி மாதிரி கடல், மறுபக்கம் கரும் நீலம். அந்தக் கரும் நீலத்தில் எங்கேயோதான் அப்பா ராத்திரி ராத்திரியாக எண்ணிக்கொண்டு கிடந்திருப்பார். அதற்குள் கீழே விசில் ஊதிவிட்டார்கள்.

லீவில் ஊருக்குப் போனபோது மாசியை நீட்டினேன். அம்மா அதைச் சுவரில் தட்டிப் பார்த்து, இதை இடிக்க உலக்கை பத்தாது என்றாள். அப்பா முகர்ந்துவிட்டுக் கீழே வைத்தார்.

"வெளக்குல ஏறினியா மக்களே?"

"ஏறினேன்."

"எத்தன படி?"

நான் எண்ணவில்லை என்றேன். கொஞ்ச நேரம் என்னையே பார்த்தார்.

"அவ்வளவு தூரம் போனவன், எண்ணாமலா வருவ?"