அழகர்கோயில் தோசையும் அப்பத்தாவின் கடைவாயும்

தோசை என்றதும் சட்னியைத் தேடுகிற ஆளா நீங்கள்? அப்படியானால் அழகர்கோயிலில் பெருமாள் பிரசாதமாகக் கிடைக்கும் தோசையைக் கையில் வாங்கினால் கொஞ்சம் முழிக்கத்தான் செய்வீர்கள். பார்க்க அடை மாதிரி தடியாக, ஓரமெல்லாம் கருஞ்சிவப்பாக முறுகி, நெய்யில் ஊறிக் கிடக்கும்.

போன மாதம் ஒரு சனிக்கிழமை அப்பத்தாவைக் கூட்டிக்கொண்டு போயிருந்தேன். மதுரையிலிருந்து 20 கிலோமீட்டர் சொச்சம்தான். முதலில் மலைக்கு மேலே நூபுர கங்கைத் தீர்த்தம். தண்ணீர் தலையில் விழுந்ததும் ஒரு நொடி மூச்சே நின்றுவிட்டது, அப்படிக் குளிர்ச்சி. வேறு தண்ணீரில் அபிஷேகம் செய்தால் உற்சவர் மேனி கறுத்துவிடும் என்பது இங்கே நம்பிக்கை. தோசை மாவுக்கும் இந்தத் தண்ணீர்தான் என்பார்கள். ராக்காயி அம்மனைக் கும்பிட்டு, வழியில் பழமுதிர்சோலை முருகனையும் பார்த்துவிட்டுக் கீழே இறங்கும்போது மணி பதினொன்று, காலையில் குடித்த காபியோடு சரி, பசியில் எனக்குக் காது அடைத்துக்கொண்டு வந்தது.

பெருமாள் சன்னதியில் கூட்டம் அதிகமில்லை. அப்பத்தா கண்ணை மூடிக்கொண்டு நீளமாக ஏதோ சொல்லிக்கொண்டிருந்தாள், நான் மடப்பள்ளிப் பக்கமிருந்து வந்த நெய் வாசனையில் நின்றுகொண்டிருந்தேன். அழகர் மன்னிப்பார். ஆண்டாளே இந்தப் பெருமாளுக்கு 100 தடா, அதாவது பெரிய பானை, வெண்ணெயும் 100 தடா அக்காரவடிசிலும் நேர்ந்துகொண்டவள்தானே, அந்த வேண்டுதலைப் பிற்பாடு ராமானுஜர் வந்து நிறைவேற்றினார் என்பார்கள். அவள் நேர்ந்தது இனிப்பு, எனக்கு இந்தக் காரத் தோசையே போதும்.

பிரசாதக் கடையில் நாலு தோசை வாங்கினேன். பிய்த்தால் பிய்யாது, உடைக்கத்தான் வேண்டும், படக்கென்று சத்தம் வரும். உள்ளே கொஞ்சம் மெத்தென்று, தோல் எடுக்காத கறுப்பு உளுந்து அங்கங்கே புள்ளி புள்ளியாக. வாயில் போட்டதும் முதலில் நெய், அப்புறம் கறிவேப்பிலையும் சீரகமும். இதென்ன, காரமே இல்லையே என்று நினைக்கும்போது ஒன்றிரண்டாக உடைத்துப் போட்ட மிளகு தொண்டையில் ஏறும், கூடவே சுக்கு. பச்சை மிளகாய், வர மிளகாய் எதுவும் கிடையாது. மிளகாய் போர்ச்சுக்கீசியரோடு வந்த சரக்கு, பழைய மடப்பள்ளிகள் இன்னும் மிளகைத்தான் நம்புகின்றன. வீட்டில் இதே பக்குவத்தில் ரெண்டு தடவை செய்து பார்த்தேன். உளுந்தும் அதே, நெய்யும் தாராளம், ஆனாலும் வந்தது வெறும் மிளகு அடைதான்.

வெளியே வந்து பதினெட்டாம்படிக் கருப்பர் முன்னால், சந்தனம் பூசிய அந்தப் பெரிய கதவுக்கு முன்னால் கையெடுத்துக் கும்பிட்ட நேரம் பார்த்து ஒரு குரங்கு பொட்டலத்தை உருவிக்கொண்டு மதில் மேல் ஏறிவிட்டது. நிதானமாக உட்கார்ந்து ஒரு கடி கடித்தது. மென்றது. மூக்கைச் சுருக்கி என்னைப் பார்த்தது. சரி, கீழே போடுமென்று நினைத்தால் இன்னொரு கடி! காவல் தெய்வத்தின் வாசலிலேயே திருட்டு, அதுவும் கள்ளழகர் ஊரில். யாரிடம் போய்ச் சொல்ல?

"விடுப்பா, அதுக்கும் பசிக்கும்ல. போயி இன்னும் ரெண்டு வாங்கியா" என்றாள் அப்பத்தா.

"பல்லே இல்ல, ஒனக்கு எதுக்கு அப்பத்தா?"

"நீ வாங்கியாடா மொதல்ல."

மறுபடி உள்ளே போய் வாங்கி வந்தேன். பஸ்ஸில் ஏறி உட்கார்ந்ததும் ஒரு ஓரத்தை உடைத்துக் கடைவாயில் அடக்கிக்கொண்டாள். அப்பன் திருப்பதி போனது, கடச்சனேந்தல் போனது, பேச்சே இல்லை, கன்னம் மட்டும் மெதுவாக அசைந்தது. மூன்றுமாவடி சிக்னலில் வண்டி நின்றபோது முந்தானையால் வாயைத் துடைத்துக்கொண்டு, "இப்பத்தான் மெளகு வருது" என்றாள்.